வளவும் புள்ளியும்: செட்டிநாட்டுப் பழைய வீட்டின் அமைப்பும் உரிமை வரலாறும்

பழைய வீடொன்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் அதன் தூண்களையும் கதவுகளையும் கண்டு வியந்து அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அவ்வீடு யாருக்கு உரியது, எத்தனை பேருக்கு உரியது, அவ்வுரிமை எவ்வாறு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் சென்றது என்னும் வினாக்களை வழக்கறிஞர்க்கும் பதிவு அலுவலகத்திற்கும் விட்டுவிடுகின்றனர். பிற வீடுகளுக்கு இம்முறை பொருந்தலாம். செட்டிநாட்டு ஊர்களில் நிற்கும் பழைய வீடுகளுக்கு இது சிறிதும் பொருந்தாது. ஆங்கு அறைகளின் எண், அவற்றின் வரிசை, அடுப்புகளின் தொகை ஆகிய யாவும் உரிமை முறையைத் தழுவியே அமைந்தன. கட்டடத்தை அறியாமல் உரிமையை அறிதல் இயலாது. உரிமையை அறியாமல் கட்டடத்தை அறிதல் அதனினும் அரிது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் காண்பதும், அவ்வீட்டோடு வழங்கும் சில சொற்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செட்டிநாடு என்பது இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நிலப்பகுதி. நாட்டுக்கோட்டை நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டி நாட்டிற்குப் பெயர்ந்தவர் என்பதும், தொண்ணூற்றாறு ஊர்களில் குடியமர்ந்தனர் என்பதும் அவர்தம் மரபுரை. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது கோயில்களின் வழியாகவே அவர்தம் குடிப்பிரிவுகள் அறியப்படும். நிலம் வானம் பார்த்தது, ஆறு இல்லை. ஊர்தோறும் ஊருணி வெட்டி மழைநீரைத் தேக்கிய பின்னரே தெருக்களும் வீடுகளும் அங்கே நிலைபெற்றன. இன்று காண நிற்கும் பெருவீடுகளுள் மிகப்பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்கும் 1940-களுக்கும் இடையே எழுந்தவை.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர் முதலிய ஊர்களில் எந்தப் பழைய வீட்டின் வாயிலில் நின்றாலும் ஒன்று புலனாகும். முன்வாயிலில் நிற்பவர் கண்ணுக்குப் பின்வாயில் தெரியும். ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் நீள்சதுர மனையில், வாயில்கள் யாவும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருத்தலே காரணம். முதலில் உயர்ந்த படிகளும் இருபுறத் திண்ணையும். அதனை அடுத்தது முகப்பு. வணிகம் பேசுவதும் விருந்தினரை ஏற்பதும் ஈண்டே. கணக்குப்பிள்ளை அமரும் இடமும் பெட்டகங்கள் வைக்கும் அறையும் முகப்பைச் சார்ந்தவை. முகப்பைக் கடந்தால் பெரிய நிலைக்கதவு. அதற்கு அப்பால் வானம் நோக்கிய முற்றம். அதனைச் சூழத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். தாழ்வாரத்தின் ஓரங்களில் சற்றே உயர்ந்த பட்டாலை. பட்டாலைக்குப் பின்னே வரிசையாக அறைகள். இம்முதற்கட்டே வளவு எனப்படும். இரண்டாம் கட்டு உண்ணுமிடம். மூன்றாம் கட்டு பெண்டிர் புழங்குமிடமும் பண்டங்கள் சேமிக்குமிடமும். அதன் பின்னர் அடுப்படிகள், கிணறு, தோட்டம். ‘பட்டாலை’ என்பது ‘பட்டகசாலை’ என்பதன் மரூஉ எனக் கருதுவது பொருந்தும்; இரு வடிவங்களும் அப்பகுதியில் வழங்குகின்றன.

கூரையின் நாற்புறச் சரிவும் முற்றத்தை நோக்கியது. பெய்யும் மழை முற்றத்தின் நான்கு மூலைகளிலும் விழும். முதல் நீரைக் கழித்துவிட்டு அடுத்ததை அண்டாக்களில் பிடித்துக்கொள்வர். எஞ்சியது கால்வாய் வழியே தெருவுக்கும் ஊருணிக்கும் செல்லும். கூரையில் நாட்டோடுகளைப் பல அடுக்காகப் பரப்பினமையால் வெப்பம் உள்ளே இறங்குவதில்லை. சுவர்ப்பூச்சோ தனிக்கலை. சுண்ணாம்பு, நுண்மணல், கடுக்காய் நீர், கருப்பட்டி, முட்டையின் வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பல படலங்களாகப் பூசித் தேய்ப்பர். கை வைத்தால் கண்ணாடியைத் தொட்டாற்போல இருக்கும். தரையில் பதித்த பூங்கற்கள், அயல்நாட்டுக் கற்களைக் கண்டபின் ஆத்தங்குடியிலேயே செய்யத் தொடங்கியவை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதனுள் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது அம்முறை. பளபளப்பு அக்கண்ணாடியால் வந்தது, சூளையால் அன்று.

நிலைக்கதவைப் பற்றி ஒன்று கூறாமல் மேற்செல்லுதல் தமிழாசிரியனுக்கு இயலாது. செட்டிநாட்டு நிலைகளின் மேற்கட்டையில் நடுவே திருமகளும் இருமருங்கும் யானைகளும் செதுக்கப்பட்டிருத்தல் பெருவழக்கு. நெடுநல்வாடையில் அரசன் கோயிலுக்கு மனை வகுக்கும் பகுதியை நாம் அனைவரும் பாடம் சொல்லியிருக்கிறோம். அங்கே சித்திரைத் திங்களின் நண்பகலில் நிழல்கொண்டு திசை குறிப்பதும், நூல் பிடித்து அளப்பதும் கூறப்படுகின்றன. விண்மீன் ஒன்றின் பெயரைப் பெற்ற மேற்கட்டை என உத்தரக்கட்டையைப் புலவர் குறிப்பாற் சுட்டுகின்றார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர், அவ்வுத்தரத்தில் நடுவே திருவும் இருபுறத்தும் பூவும் பிடியும் அமைந்தமையை விளக்குகின்றார். அரசன் கோயிலின் நிலையையும் வணிகர் வீட்டு நிலையையும் ஒன்றென்று கூறிவிடுதல் மிகையாகும். இடையில் உள்ள காலம் பெரிது. எனினும் உரையாசிரியர் சொற்களைப் படித்துவிட்டுக் கானாடுகாத்தான் தெருவில் நடக்கும் மாணவன் அங்கே அயலானாக நில்லான்.

இனி, வளவு என்னும் சொல். இச்சொல் தமிழ் வழங்கும் நிலமெங்கும் ஒரே பொருளில் வழங்கவில்லை. செட்டிநாட்டில் வளவு என்றால் வீட்டினுள் அமைந்த முற்றமும் அதனைச் சூழ்ந்த பகுதியும். கொங்கு நாட்டில் உறவினர் சேர்ந்து வாழும் வீடுகளின் தொகுதியை வளவு என்பர். யாழ்ப்பாணத்தில் வேலியால் வளைக்கப்பட்ட குடியிருப்பு நிலம் முழுவதும் வளவு. வீடு அவ்வளவினுள் ஒரு கூறு. சிங்கள மொழியில் பெருங்குடியினர் மாளிகையைக் குறிக்கும் ‘வளவ்வ’ என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையதாகவே தோன்றுகிறது. வளைத்தல் என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் என்று கொண்டால் இப்பொருள்கள் யாவும் ஒரு நூலில் கோத்தவையாகும். யாழ்ப்பாணத்தில் வேலி நிலத்தை வளைத்தது. கொங்கில் உறவு வீடுகளை வளைத்தது. செட்டிநாட்டில் அறைகள் முற்றத்தை வளைத்தன.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. வளவைச் சூழ்ந்த அறையைச் செட்டிநாட்டார் ‘அறை’ என்று மட்டும் கூறுவதில்லை. ‘வீடு’ என்றே கூறுவர். ஒன்றன்பின் ஒன்றாக உள்வீடு, வெளிவீடு என இரு பகுதிகள் அமைந்தால் அஃது இரட்டை வீடு. நம் கண்ணுக்கு ஒரே வீடாகத் தோன்றுவது அவர் வழக்கில் பல வீடுகள் சேர்ந்தது. இதனை வெறும் வட்டார வழக்கென்று தள்ளிவிடலாகாது. உரிமை முறையின் சாரமே இச்சொல்லில் அடங்கியுள்ளது.

அதனை விளங்கிக்கொள்ளப் புள்ளி என்னும் மற்றொரு சொல் வேண்டும். மணமான ஆணும் அவன் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்குச் செலுத்தும் வரியும் ஊர்ப்பொதுவுக்குக் கொடுக்கும் பணமும் புள்ளிக்கு இவ்வளவு என்றே கணக்கிடப்படும். திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானம், புதிய புள்ளி தோன்றியமைக்கு ஆவணம் போன்றது. மணமுடித்த மகனைச் சில காலத்தில் ‘வேறு வைத்தல்’ மரபு. வேறு வைத்தல் என்றதும் வீட்டைவிட்டு வெளியேற்றுதல் என்று எண்ணிவிடக்கூடாது. அதே வளவில் அவனுக்கு ஓர் இரட்டை வீடு, பின்கட்டில் தனியடுப்பு, தனி வரவு, தனிச் செலவு. தாய் தந்தையர் ஓர் அடுப்பு, மூத்தவன் ஓர் அடுப்பு, இளையவன் ஓர் அடுப்பு. திருமணத்திற்கும் படைப்புக்கும் எல்லாரும் ஒரே பந்தி. கூட்டுக்குடும்பம் என்றால் ஒரே உலை என்று நம் பாடநூல்கள் எழுதுவதைச் செட்டிநாடு பொய்யாக்கிவிட்டது. ஒரே கூரையின் கீழ்ப் பல உலைகள் கொதித்தன. கூட்டு என்பது கூரைக்கும் முற்றத்துக்கும் உரியது, சோற்றுக்கு உரியதன்று.

கட்டடக்கலை இம்முறைக்கு விடையாக எழுந்தது. வீடு கட்டுவோர் தம் காலத் தேவையை மட்டும் கருதவில்லை. மக்கள், மக்களின் மக்கள் என வருவோர்க்கும் இடம் வேண்டும். ஆகவே வளவின் இருமருங்கும் ஒத்த அளவுள்ள வீடுகளை எதிரெதிரே அமைத்தனர். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் பங்காளிகளிடையே பூசல். அறைகளின் ஒப்புமையைக் கண்டு அழகுணர்ச்சி என்று புகழ்வோர் உளர். அழகும் இருக்கலாம், முதற்காரணம் பங்கு.

ஆயினும் எக்கட்டடமும் பெருக்கல் வாய்பாட்டை வெல்லுதல் அரிது. கட்டியவர்க்கு மக்கள் நால்வர் எனக் கொள்வோம். ஒவ்வொருவர்க்கும் நான்கில் ஒரு பங்கும் இரண்டு இரட்டை வீடும் கிடைக்கலாம். அவர் ஒவ்வொருவர்க்கும் மும்மூன்று மக்களாயின் பங்கு பன்னிரண்டில் ஒன்று. அடுத்த தலைமுறையில் முப்பத்தாறில் ஒன்று. அறையைப் பிரிக்கலாம், முற்றத்தைப் பிரிக்க முடியாது. கூரை ஒழுகினால் முப்பத்தாறு பேர் பணம் தரவேண்டும். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். ஒழுக்கு மட்டும் ஊரில்.

இத்தகைய வீடுகளைக் கட்டிய செல்வம் கடல் கடந்து வந்தது. 1852-இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869-இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுக நிலம் நெல்வயலாக மாறிய காலத்தில் உழவர்க்குக் கடன் கொடுத்தோர் நகரத்தார். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாக மதிப்பிட்டது. பர்மாத் தேக்கு தூணாகவும் உத்தரமாகவும் செட்டிநாட்டிற்கு வந்தது. இத்தாலியச் சலவைக்கல்லும், சப்பானிய ஓடுகளும், பெல்ஜியக் கண்ணாடியும் உடன் வந்தன. பின்னர் உலகப் பொருளாதார வீழ்ச்சி. கடனுக்கு ஈடாக நிலமே கைக்கு வந்து சேர்ந்தது. கீழைப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் விளைநிலத்தின் நூற்றுக்கு ஆறு பங்கு நகரத்தாரிடம் இருந்தது. 1938-இல் இருபத்தைந்து பங்கு. பணமாக இருந்தது மண்ணாயிற்று, அம்மண்ணும் நிலைக்கவில்லை. 1942-இல் சப்பானியர் படையெடுப்பு, 1948-இல் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம், 1963-இல் வங்கிகளின் நாட்டுடைமை என அடுத்தடுத்து வந்த நிகழ்ச்சிகள் அப்பொருளை முற்றும் கரைத்தன. வீடு மட்டும் நின்றது. அதனைப் பேணும் பொருள் போயிற்று.

இக்கட்டுரை எழுதும் யான் வாழ்வது வடசென்னையில், எம்.கே.பி. நகரில். அடுத்துள்ள வியாசர்பாடியில் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் குடியமர்ந்த தெருக்கள் உள்ளன. மாலையில் அத்தோ விற்கும் வண்டிகளைச் சூழ்ந்து மாணவர் நிற்பர். அவ்வுணவு எங்கிருந்து வந்தது என்று வினவின் பர்மா என்பர். அதற்குமேல் பலர் அறியார். கூலியாகவும் சிறுகடைக்காரராகவும் சென்றோர் கைவீசித் திரும்பிய வரலாறும், பெருவீடு கட்டியோர் பொருளிழந்த வரலாறும் ஒரே வரலாற்றின் இரு கரைகள். ஆராய்ச்சியாளர் ஒரு கரையில் மட்டும் நின்று எழுதுதல் நன்றன்று. தேக்கு உத்தரத்தை வியக்கும்போது, அதனை ஏற்றி இறக்கிய தோள்களையும் நெல்வயலை இழந்த பர்மிய உழவனையும் மறத்தல் ஆகாது.

இனிச் சட்டம் வகுத்த வழியைக் காண்போம். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. சொத்தைப் பிரித்தல் இயலாததாகவோ பயனற்றதாகவோ தோன்றினால், பாதியோ அதற்கு மேலோ பங்குடையோர் வேண்டுகோளின்மேல் நீதிமன்றம் அதனை விற்றுப் பணத்தைப் பகிர ஆணையிடலாம் என்பது அதன் இரண்டாம் பிரிவு. நான்காம் பிரிவு வேறொரு போக்கினது. கூட்டுக்குடும்பக் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கு அயலாருக்கு மாற்றப்பட்டு, அவ்வயலார் பிரிவினை கோரி வழக்கிட்டால், குடும்பத்துப் பங்காளி அப்பங்கினை மதிப்பு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையுடையவர். ஒரு பிரிவு வீட்டைக் கரைக்க வழிசெய்கிறது. மற்றொரு பிரிவு அணைகட்டுகிறது. இரண்டும் ஒரே சட்டத்தில்!

பெண்களின் உரிமை தனியே கருதத்தக்கது. நகரத்தார் மரபில் மகளுக்குச் சீதனமாக நகையும் பாத்திரமும் பணமும் உண்டு, வளவில் பங்கில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்களை வாரிசாக ஏற்றது. எனினும் அதன் 23-ஆம் பிரிவு, குடும்பம் முழுதும் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண்கள் பிரிவினை கேட்கலாகாது என்று தடுத்தது. வீட்டைச் சிதையாமல் காத்தல் என்னும் நோக்கு அதில் உண்டு என்பர். காக்கும் சுமை பெண்ணின் தலையில் மட்டும் ஏன் ஏற்றப்பட்டது என்பதற்கு விடையில்லை. தமிழ்நாட்டுத் திருத்தம், 25-3-1989-க்கு முன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கிற்று. 2005-இல் நடுவண் திருத்தம் எல்லா மகளிர்க்கும் அவ்வுரிமையை விரித்து, 23-ஆம் பிரிவையும் நீக்கிற்று. தந்தை அத்திருத்த நாளில் உயிரோடிருத்தல் வேண்டுவதில்லை என 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வளவின் பங்குகள் மேலும் பெருகின. அதனைக் காட்டி இத்திருத்தங்களைக் குறை கூறுவோர் உளர். அவர் கூற்று ஏற்புடையதன்று. முப்பத்தாறாகப் பிரிந்து கிடந்த வீட்டை எழுபத்திரண்டு கெடுத்துவிட்டது என்பது கணக்கறியாதார் வாதம்.

யாழ்ப்பாண வழக்கோடு ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின்கீழ்ச் சீதனம் என்பது பெரும்பாலும் நிலமும் வீடும். அங்கே வீடு மகள்வழிச் செல்லும். மகன் மனைவியின் வளவுக்குச் செல்வான். பங்காளி தன் பங்கை விற்க எண்ணின் உடன்பங்காளிக்கு முதலில் அறிவித்தல் வேண்டும் என்னும் முன்கொள்வுரிமையும் உண்டு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் முற்றத்தைச் சூழ்ந்ததே. ஆயினும் செட்டிநாட்டில் காணும் ஒத்த இரட்டை வீடுகளின் நெடுவரிசை அங்கே தேவைப்படவில்லை. மருமகன் ஒருவன் வந்து சேரும் வீட்டுக்கும், மகன் பலர் தங்கிவிடும் வீட்டுக்கும் வடிவம் வேறுபடுதல் இயல்பே. முற்றம் இரு நாட்டிற்கும் பொது, உரிமை வேறு, ஆகவே அறை வேறு.

பங்குகள் பெருகிய வீடுகளுக்கு நேர்ந்தது பலவகை. சில பூட்டிக் கிடக்கின்றன. சில விடுதிகளாயின. பல பிரிக்கப்பட்டன. பிரித்தல் என்பது ஈண்டு இருபொருள் தருவது: பங்கு பிரித்தல், கட்டடத்தைப் பிரித்தல். தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் தனித்தனியே விலைக்குக் கிடக்கும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், அவ்வாறு அழிவுற இருந்த செட்டிநாட்டு வணிகர் வீடொன்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. 2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. இவை யாவற்றையும்விட வீட்டைக் காத்து வருவது படைப்பு. முன்னோரை வழிபடும் அந்நாளில் பங்காளிகள் எங்கிருந்தாலும் வந்து கூடுவர். முன்னோர் ஆடைகள் வைத்த பேழை எந்த வீட்டில் உள்ளதோ அவ்வீட்டை விற்க முற்படுவோர் அரியர்.

கோட்டையூரில் நிகழ்ந்த ஒன்றை நம் துறையினர் நன்றியோடு நினைப்பர். அவ்வூரினராகிய ரோஜா முத்தையா தம் வீட்டில் ஏறத்தாழ ஓரிலட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் தொகுத்து வைத்திருந்தார். தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்ந்த பலர் அவ்வீட்டு வாயிலில் சென்று நின்றவரே. 1992-இல் அவர் மறைந்தார். தொகுப்புச் சிதறிவிடும் நிலை தோன்றியபோது சிகாகோப் பல்கலைக்கழகம் அதனை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிறுவ வழிசெய்தது. இன்று தரமணியில் உள்ள அந்நூலகத்தில் அமர்ந்து நாம் புரட்டும் இதழ்கள், செட்டிநாட்டு வீடொன்றிலிருந்து வந்தவை.

நூல்கள் பிழைத்தன, வீட்டுச் சொற்கள் இன்னும் தொகுக்கப்படவில்லை. அவை இருக்குமிடம் பாகப்பிரிவினைப் பத்திரங்கள். எந்த வீடு யாருக்கு, எந்த அடுப்படி யாருக்கு, எந்தக் கிணற்றில் நீர் எடுக்கும் பாத்தியம் யாருக்கு, படைப்பு நாளில் முகப்பு யார் பொறுப்பு என்பவற்றை அப்பத்திரங்கள் நான்கெல்லையோடு எழுதிவைத்துள்ளன. பத்திர எழுத்தர்க்கு இலக்கிய நடை தேவையில்லை. ஐயத்திற்கு இடமில்லாத சொல் தேவை. ஆகவே வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் அவர்கள் வழங்கிய பெயர் அகராதிகளில் காணும் பெயரினும் துல்லியமானது. முதுகலை மாணவர் இருவர் மூவர் ஓராண்டு உழைத்தால் ஓர் ஊரின் பத்திரங்களிலிருந்தேனும் அச்சொற்களைத் தொகுத்துவிடலாம். மூன்றாம் கட்டைப் பற்றிய சொற்களைத் தொகுக்கப் பத்திரம் போதாது. அங்கே புழங்கிய மூதாட்டியரைக் கேட்டல் வேண்டும், அதுவும் விரைவில்.